பரிசுத் தாள் நிற்கலாமா, படுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

வீட்டுக் குறிப்புப் பகுதிக்கு வந்த கடிதங்களில் கணிசமானவை பரிசு சுற்றும் பொருள்களைப் பற்றியே இருந்ததால், இம்முறை பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்த இடங்களில் கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பரிசுத் தாள் சுருள்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. அறைக் கதவுக்குப் பின்னால் மூலையில் சாய்த்து வைத்திருக்கிறேன். அடி விளிம்பு மடங்கிப்போகிறது. சில சுருள்கள் நடுவில் வளைந்துவிட்டன. கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒன்றிரண்டு சரிந்து விழுகின்றன. சுருளை நிற்க வைப்பது சரியா, படுக்க வைப்பது சரியா?

பதில்: தாளுக்கு நல்லது படுக்க வைப்பது, எடுப்பவருக்கு வசதி நிற்க வைப்பது. இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் நீங்கள் செய்திருப்பதுபோல் சாய்த்து வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். சாய்ந்து நிற்கும் சுருளின் எடை அடி விளிம்பின் ஒரே ஓரத்தில் இறங்குவதால்தான் அந்த இடம் நசுங்குகிறது. நடுவே தாங்கல் இல்லாததால் சில மாதங்களில் சுருள் வில்லாக வளைந்து, பிறகு விரித்தாலும் குறுக்கே ஒரு தழும்பு தெரிகிறது. உள்ளே அட்டைக் குழல் இல்லாத மெல்லிய சுருள்கள்தாம் முதலில் இப்படிக் கெடும்.

நிற்க வைக்கத்தான் இடம் இருக்கிறது என்றால், சுருளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது ஆழமுள்ள ஒரு வாளியோ கூடையோ வேண்டும். அதற்குள் சுருள்கள் நெருக்கமாக, ஆனால் இழுத்தால் எளிதில் வரும்படி நிற்க வேண்டும். ஐந்து சுருளுக்குப் பெரிய வாளியை வைத்தால் அவை உள்ளேயும் சாய்ந்துதான் நிற்கும். எனவே வாளி பெரிதாக இருந்தால் காலி இடத்தில் வெற்று அட்டைக் குழல்களைச் செருகி நிரப்பிவிடுங்கள். வாளியின் அடியில் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டால் விளிம்பு நசுங்காது. தரையில் நேரடியாக வைக்காமல் சிறு மணையின் மேல் வைப்பது, வீடு துடைக்கும்போது தண்ணீர் படாமலிருக்க உதவும்.

படுக்க வைப்பதானால், ஆழம் குறைந்த நீளப் பெட்டியில் இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் போகாமல் அடுக்கிக் கட்டிலடியில் தள்ளிவிடலாம். கனமான சுருள்கள் கீழேயும், குழல் இல்லாதவை மேலேயும் இருக்கட்டும். இங்கே பலர் சறுக்கும் இடம் அளவு. சுருள்களின் அகலம் பெரும்பாலும் 50 முதல் 75 செ.மீ. வரை இருந்தாலும் 1 மீட்டர் அகலச் சுருள்களும் விற்கப்படுகின்றன. பெட்டியின் வெளியளவைப் பார்த்து வாங்கிவந்து, உள்ளே சுருள் போகாமல் மூலைவிட்டத்தில் திணிக்கிறார்கள். உங்களிடமுள்ள மிக நீளமான சுருளை அளந்து, பெட்டியின் உட்பக்கம் அதைவிட 2 அல்லது 3 செ.மீ. கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பெட்டியை வாங்குங்கள். சொல்லப்போனால், வேண்டாதவற்றைக் கழித்து, மிச்சத்தை அளந்து முடித்த பின் கடைசியாக வாங்க வேண்டியதுதான் பெட்டி. முதலில் பெட்டியை வாங்கியவர்கள் அதை நிரப்புவதற்காகவே தாள் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டிலடியும் இல்லாதவர்கள் துணி அலமாரியின் உட்புற மேல்பகுதியைக் கவனிக்கலாம். ஹேங்கர் கம்பிக்கு மேலே ஒரு சாண் உயரம் பெரும்பாலும் வீணாகவே கிடக்கும். திருகி இறுக்கினால் இரு பக்கமும் அழுத்தி நிற்கும் திரைக்கம்பிகள் இரண்டை அங்கே இணையாகப் பொருத்தி, அவற்றின் மேல் சுருள்களைக் குறுக்கே படுக்க வைத்தால், ஆணி அடிக்கவே வேண்டியதில்லை. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது மிகவும் ஏற்றது.

வளைந்துபோன உங்கள் சுருள்களில் ஒன்றை வெளியே எடுத்து, தேவையான அளவு வெட்டி, சுருண்டிருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் தளர்வாகச் சுற்றிச் சில நிமிடங்கள் வைத்திருந்தால் தாள் படிந்துவிடும். தழும்பு விழுந்த பகுதியைச் சிறு பெட்டிகளுக்கு ஒதுக்கிவிட்டால், மடிப்பு விழும் இடத்திலேயே அதை மறைத்துவிடலாம்.

கேள்வி: சுருள்களைக் கட்டி வைக்க ரப்பர் பேண்ட் போடுகிறேன். தாளில் வரி விழுகிறது. வேறு என்ன போடலாம்?

பதில்: ரப்பர் பேண்டை இன்றே கழற்றிவிடுங்கள். வரி விழுவது சிறிய தொல்லை. பெரிய தொல்லை, ரப்பர் நாளடைவில் காற்றாலும் வெப்பத்தாலும் சிதைந்து பிசுபிசுத்துத் தாளோடு ஒட்டிக்கொள்வது. பிறகு பிய்த்தால் தாளின் மேல்தோலும் சேர்ந்து வரும். செலோ டேப்பும் இதே கதைதான். கழிப்பறைத் தாள் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் குழலை நீளவாக்கில் ஒரு பக்கம் வெட்டி, சுருளின் மேல் வளையமாக மாட்டிவிடுங்கள். அது தானே கவ்விக்கொள்ளும், அழுத்தாது, காசும் இல்லை. பருமனான சுருளுக்கு 4 செ.மீ. அகலத் தாள் பட்டை ஒன்றைச் சுற்றி, பட்டையின் நுனியைப் பட்டையோடு மட்டும் ஒட்டினால் போதும்.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சுவர்கள் ஓதம் காத்துவிடுகின்றன. பரணில் அட்டைப்பெட்டியில் வைத்திருந்த தாள்களின் ஓரம் அலையலையாகிவிட்டது. சிலவற்றில் பழுப்புப் புள்ளிகளும், மேலோட்டமாகச் சுரண்டித் தின்ற தடங்களும் இருக்கின்றன. அந்துருண்டை போடலாமா?

பதில்: தாள் என்பது மர நார். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும், காற்று உலர்ந்தால் சுருங்கும். அடுக்கி வைத்த தாளின் நடுப்பகுதிக்கு ஈரம் போய்ச் சேர நேரமாகும். ஓரம் உடனே உப்பிவிடுவதால், நடுப்பகுதி பழைய அளவிலேயே இருக்க ஓரம் மட்டும் நீண்டு அலையாகிறது. காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். நீங்கள் சொல்லும் பழுப்புப் புள்ளிகள் அதன் வேலையாகவே இருக்கக்கூடும். சுரண்டித் தின்ற தடம் ராமபாணப் பூச்சியினுடையது. வெள்ளி நிறத்தில், வால்பக்கம் மூன்று இழைகளோடு, விளக்கைப் போட்டதும் விறுவிறுவென்று ஓடி மறையும் அந்தப் பூச்சிக்கு ஈரமும் இருட்டும் வேண்டும்; தாளும், மாவுப் பசையும், அட்டையை ஒட்டிய கோந்தும் அதற்கு உணவு. அட்டைப்பெட்டியில் தாளை வைத்து ஓதம் காக்கும் இடத்தில் மூடி வைப்பது, அந்தப் பூச்சிக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுப்பதாகிவிடும்.

ஆகவே முதலில் இடத்தை மாற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி, குளியலறையோடு சுவரைப் பகிரும் மூலை, கை கழுவும் தொட்டியின் அடிப்பகுதி, கூரையை ஒட்டிய பரண் ஆகிய நான்கும் தாளுக்கு ஆகாத இடங்கள். பரணில் ஈரத்தோடு வெப்பமும் சேர்ந்துகொள்வதால் டேப்பின் பசையும் அங்கே கெடும். வீட்டின் உட்புறச் சுவரை ஒட்டிய, மனிதர் புழங்கும் அறையின் அலமாரியே நல்லது. சுவருக்கும் பெட்டிக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

அட்டைப்பெட்டிக்குப் பதில் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி வைக்கலாம். ஆனால் அது வெளி ஈரத்தைத் தடுப்பதைப் போலவே உள் ஈரத்தையும் வெளியே விடாது என்பதை மறக்கக் கூடாது. மழை நாளில் சொதசொதத்த தாளை உள்ளே போட்டு மூடினால் பூஞ்சணம் பெட்டிக்குள்ளேயே வளரும். வெயில் நன்றாக அடித்துக் காற்று உலர்ந்திருக்கும் நாளில் தாள்களை நிழலில் பரப்பி ஆறவிட்டு, அன்று மாலைக்குள் எடுத்து வைத்து மூடுங்கள். புதுப் பைகளிலும் காலணிப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே போடலாம். அவை ஓரளவு ஈரத்தை உறிஞ்சியதும் நிறைந்துவிடும் என்பதால், அடிக்கடி திறக்கும் பெட்டியில் அவற்றை நம்பிப் பயனில்லை.

அந்துருண்டை வேண்டாம். அதன் நெடி தாளில் ஏறினால் போகாது. பரிசைப் பிரிப்பவர் முதலில் முகர்வது அந்த நெடியைத்தான். மூடிய அறையில் அந்த ஆவியைச் சுவாசிப்பதும் உடலுக்கு நல்லதன்று. சில வகைப் பிளாஸ்டிக்குகளையும் அது இளக்கிவிடும்.

பூஞ்சணம் பிடித்த தாளை அறைக்குள் தட்டாமல், ஒரு பையில் போட்டுக் கட்டி அப்படியே வெளியேற்றுங்கள். பூச்சி தின்ற சுருளை மட்டும், மேலே இரண்டு மூன்று சுற்றுகளை வெட்டி நீக்கிப் பாருங்கள். உள்ளே பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

கேள்வி: வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் தாள்களைத் தூக்கிப்போட மனம் வருவதில்லை. எந்த அளவுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்? எப்படி வைத்துக்கொள்வது?

பதில்: இதற்கு மனத்தைவிட ஸ்கேலைக் கேட்பது நல்லது. ஒரு பெட்டியைச் சுற்ற எவ்வளவு தாள் வேண்டும் என்பது எளிய கணக்கு. அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கி, ஒன்றின்மேல் ஒன்று படிவதற்கு 3 அல்லது 4 செ.மீ. சேர்த்தால் ஒரு பக்க அளவு கிடைக்கும். பெட்டியின் நீளத்தோடு, இரு முனைகளிலும் உயரத்தில் பாதிக்குச் சற்று அதிகமாகச் சேர்த்தால் மறுபக்க அளவு கிடைக்கும். 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரமுள்ள பெட்டிக்கு 64 செ.மீ.க்கு 44 செ.மீ. தாள் போதும். 22 செ.மீ. நீளமும் 14 செ.மீ. அகலமும் 2 செ.மீ. தடிமனும் உள்ள ஒரு புத்தகத்துக்கு 35 செ.மீ.க்கு 28 செ.மீ. தாள் போதும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புத்தகம் சுற்றும் அளவுள்ள துண்டு வைத்துக்கொள்ளத்தக்கது என்பது புரியும். ஏ4 தாளைவிட, அதாவது 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ. என்ற அளவைவிடச் சிறிய துண்டு, நகைப்பெட்டி போன்ற சிறு பொருளுக்கு மட்டுமே உதவும். அப்படிப்பட்ட துண்டுகளில் அழகானவை சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடலாம். நீளமாக, ஒரு சாணுக்கும் குறைவான அகலத்தில் மிஞ்சும் பட்டைகள்தாம் மனத்தை மயக்குபவை. ஒற்றை நிறத் தாளில் சுற்றிய பெட்டியின் நடுவே வளையமாகப் போட்டால் அவை நன்றாகவே இருக்கும். பெயரட்டை வெட்டவும் உதவும். அதற்கு நான்கைந்து பட்டைகள் போதும், நாற்பது வேண்டியதில்லை.

துண்டுகளில் சதுரமானவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். தட்டையான சதுரப் பெட்டியைத் தாளின் நடுவே மூலைவாட்டில் வைத்து, நான்கு மூலைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து ஒட்டும் முறையில் தாள் குறைவாகச் செலவாகும். பெட்டியின் மேற்பக்க மூலைவிட்டத்தோடு, உயரத்தை ஒன்றரை மடங்காக்கிக் கூட்டினால் சதுரத் தாளின் பக்க அளவு கிடைக்கும். 20 செ.மீ. சதுரத்தில் 5 செ.மீ. உயரமுள்ள பெட்டிக்கு மூலைவிட்டம் 28 செ.மீ.க்குச் சற்று அதிகம், உயரத்துக்காக 7.5 செ.மீ.; ஆக 36 செ.மீ., தாராளமாக 37 செ.மீ. சதுரம் போதும். இதே பெட்டியை வழக்கமான முறையில் சுற்ற 54 செ.மீ. நீளத் தாள் வேண்டும். அவ்வளவு நீளம் துண்டுகளில் கிடைக்காது, 37 செ.மீ. சதுரம் கிடைத்துவிடும்.

துண்டுகளைச் சுருட்டிக் குழலுக்குள் செருகி வைத்தால் அவை இருப்பதே மறந்துபோகும். மடித்து வைத்தால் மடிப்புக் கோடு போகாது. இரண்டு பெரிய அட்டைகளுக்கு நடுவே பெரியது கீழும் சிறியது மேலுமாகத் தட்டையாக அடுக்கி, அட்டைகளை நாடாவால் கட்டி, அலமாரிக்கும் சுவருக்கும் இடையே செருகிவிடுங்கள். ஒவ்வொரு துண்டின் பின்பக்க ஓரத்திலும் அளவைப் பென்சிலால் எழுதிவைத்தால், தேடும்போது எல்லாவற்றையும் விரித்துப் பார்க்க வேண்டியிருக்காது.

கேள்வி: என் மாமியார் வந்த பரிசுகளின் தாள்களையெல்லாம் பிரித்துப் பத்திரப்படுத்துகிறார். ஒரு பீரோ தட்டு நிறைந்துவிட்டது. அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? அந்தத் தாள்களால் பயன் உண்டா?

பதில்: பயன் உண்டு, அவர் செய்வது நல்ல வழக்கந்தான். தட்டு நிறைவதற்குக் காரணம் சேர்ப்பது அன்று, தரம் பிரிக்காமல் சேர்ப்பது. அவரிடம் குறை சொல்வதற்குப் பதிலாக, ‘அத்தை, இதில் எதையெல்லாம் மறுபடி சுற்ற முடியும் என்று நாம் இருவரும் உட்கார்ந்து பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். எடுத்து வைக்கத் தெரிந்தவருக்கு எது கிழிந்தது, எது நைந்தது என்றும் தெரியும்.

டேப்பை உரித்த இடத்தில் தோலுரிந்த தாளை அந்த ஓரத்தோடு வெட்டிவிட வேண்டும். சுருக்கம் விழுந்த சாதாரணத் தாளை இஸ்திரி போடலாம். சூட்டை மிகக் குறைவாக வைத்து, நீராவி இல்லாமல், தாளைக் கவிழ்த்துப் போட்டு, மேலே மெல்லிய பருத்தித் துணியை விரித்து, பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்த வேண்டும். பளபளக்கும் உலோகப் பூச்சுத் தாளையும், ஜிகினா ஒட்டிய தாளையும், பிளாஸ்டிக் தாளையும் இஸ்திரிப் பெட்டியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பரிசைச் சுற்றும் மெல்லிய டிஷ்யூ தாள் கசங்கியிருந்தால் அதை நிமிர்த்த முயலாமல், இன்னும் நன்றாகக் கசக்கி, உடையும் பொருளைச் சுற்றித் திணிக்கப் பயன்படுத்துங்கள். தாளின் பின்புறம் ‘யார் கொடுத்தது’ என்று பென்சிலால் ஒரு சொல் எழுதிவிட்டால், கொடுத்தவருக்கே அதே தாள் திரும்பிப் போகும் சங்கடமும் நேராது.

கேள்வி: டிஷ்யூ தாளைக் கசங்காமல் எப்படி வைப்பது?

பதில்: கால்சட்டை மாட்டும் ஹேங்கரின் கம்பியில் ஒரு கட்டாகச் சேர்த்து மடித்துத் தொங்கவிடுங்கள், தூசு படாமல் மேலே ஒரு பழைய தலையணை உறையைப் போர்த்துங்கள். வெள்ளை டிஷ்யூவையும் அடர்நிற டிஷ்யூவையும் ஒன்றாக வைக்கக் கூடாது. சிறிது ஈரம் பட்டாலே சாயம் ஏறிவிடும். அச்சிட்ட கனத்த தாள் வருவதற்கு முன் பரிசு சுற்ற இந்த மெல்லிய தாள்தான் புழக்கத்தில் இருந்தது. 1917இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹால் சகோதரர்களின் கடையில் டிஷ்யூ தீர்ந்துபோக, கடித உறைகளின் உட்புறம் ஒட்டும் அலங்காரத் தாளை அவர்கள் விற்றுப் பார்த்தார்கள். வாழ்த்து அட்டைகளுக்குப் பெயர்பெற்ற அவர்களுடைய ஹால்மார்க் நிறுவனத்தின் பரிசுத் தாள் வணிகம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

கேள்வி: டேப் வாங்கி வைத்தால் மஞ்சளாகிவிடுகிறது, ஓரம் பிசுபிசுக்கிறது, நுனியும் கிடைப்பதில்லை. எப்படி வைத்துக்கொள்வது?

பதில்: மஞ்சளாவது டேப்பின் வகையைப் பொறுத்தது. 1930இல் 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ உருவாக்கிய செலோபேன் டேப்பில் இருந்தது ரப்பர் சார்ந்த பசை. அத்தகைய பசை காலப்போக்கில் மஞ்சளாகி இறுகும். அதே நிறுவனம் 1961இல் கொண்டுவந்த மங்கலான, ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத டேப் வகை அப்படி மஞ்சளாவதில்லை. அதன் மேல் பேனாவால் எழுதவும் முடியும். பரிசு சுற்ற எப்போதும் இந்த மங்கலான வகையையே நான் பரிந்துரைப்பேன். மலிவான பளபளப்பு டேப்பை அட்டைப்பெட்டி மூடுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

ஓரம் பிசுபிசுப்பது வெப்பத்தால் பசை இளகி வழிவதன் அடையாளம். வழிந்த பசையில் தூசு ஒட்டி, சுருளின் பக்கம் கறுத்துவிடும். டேப்புக்கு உகந்த சூழல் சுமார் 20 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் என்று தயாரிப்பாளர்கள் பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். எல்லா வீட்டிலும் அது நடக்காது என்பதால், வீட்டில் இருப்பவற்றுள் குளுமையான, வெயில் படாத இழுப்பறையைக் கொடுங்கள். மூடியுள்ள சிறு டப்பாவில் வைத்தால் பக்கங்களில் தூசு ஒட்டாது. நிறைய வாங்கிக் குவிப்பதில் இலாபம் இல்லை; டேப்பும் கெட்டுப்போகும் பொருள்தான்.

நுனியைத் தேடும் தொல்லை தீர, ஒவ்வொரு முறை கிழித்ததும் நுனியை அரை செ.மீ. உள்ளே மடித்து விடுங்கள், அல்லது நுனியில் ஒரு பொத்தானை ஒட்டி விடுங்கள். இரட்டைப்பக்க டேப்பில் நுனியை மடிக்க முடியாது. அங்கே பொத்தான் கட்டாயம்.

கேள்வி: ரிப்பன்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. கடையில் வாங்கிய ரிப்பன் பூக்களும் நசுங்கிவிட்டன. மீட்க வழி உண்டா?

பதில்: அட்டைச் சக்கரத்தில் சுற்றிய ரிப்பன்களை ஒரு மெல்லிய குச்சியில் கோத்து, ஆழமான பெட்டியின் இரு பக்கங்களிலும் துளையிட்டு அந்தக் குச்சியைப் பொருத்திவிட்டால், பெட்டியின் முன்பக்கத்தில் போட்ட பிளவுகள் வழியாக நுனிகளை வெளியே விட்டு, வேண்டியதை வேண்டிய நீளம் இழுத்து வெட்டலாம். சக்கரம் இல்லாத மீதித் துண்டுகளை 10 செ.மீ. அகல அட்டையில் தட்டையாகச் சுற்றி, நுனியை அட்டையின் ஓரத்தில் வெட்டிய சிறு பிளவில் செருகுங்கள். குண்டூசி துருப்பிடித்துக் கறையாக்கும், ஆகவே வேண்டாம். ஒரு முழத்துக்கும் குறைந்த துண்டுகளைப் பெயரட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நூலிழை பிரியும் துணி ரிப்பனின் நுனியைச் சாய்வாகவோ, மீன்வாலாகவோ வெட்ட வேண்டும். நிறமற்ற நகப்பூச்சை ஒரு கோடு தடவினால் இழை பிரிவது நிற்கும். சாட்டின் ரிப்பனில் சுருக்கம் இருந்தால், மேலே துணி போட்டுக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடலாம். கத்தரிக்கோலின் முனையில் வைத்து இழுத்தால் சுருளும் மெல்லிய பிளாஸ்டிக் ரிப்பன் சூடு பட்டால் உருகிவிடும்.

நசுங்கிய ரிப்பன் பூவின் ஒவ்வொரு இதழுக்குள்ளும் டிஷ்யூ உருண்டையைச் செருகி இரண்டு நாள் விட்டால் துணிப் பூ பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். பிளாஸ்டிக் பூவில் மடிப்பு விழுந்துவிட்டால் நிமிராது. பூக்களை எப்போதும் கெட்டியான பெட்டியில், ஒரே அடுக்காக வையுங்கள். அடியிலுள்ள பசை காய்ந்திருந்தால் இரட்டைப்பக்க டேப்பின் சிறு துண்டு அதன் வேலையைச் செய்யும்.

கேள்வி: பரிசுப் பைகளும் காலிப் பெட்டிகளும் தாளைவிட அதிக இடத்தைப் பிடிக்கின்றன.

பதில்: பைகளைத் தட்டையாக மடித்து, கைப்பிடிகளை உள்ளே திணித்து, இருப்பதில் பெரிய பைக்குள் கோப்புகளைப் போல நிறுத்தி வையுங்கள். அந்தப் பை நிறைந்துவிட்டால் புதிதாக ஒன்றை வைக்க ஒன்றை வெளியே எடுக்க வேண்டும். பழைய பெயரட்டை தொங்கும் பையை வைக்கும்போதே அதை வெட்டிவிடுங்கள். பெட்டிகளில் பிரித்து மடிக்க முடிந்தவற்றை மடியுங்கள். மடியாத கெட்டிப் பெட்டிகளில் ஒன்றுக்குள் ஒன்று அடங்குபவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். ‘எதற்காவது ஆகும்’ என்று வைக்கும் காலிப் பெட்டியைப்போல் வீட்டில் இடத்தைத் தின்னும் பொருள் வேறில்லை.

கேள்வி: நான் ஒற்றை அறையில் தங்கியிருக்கிறேன். வருடத்தில் சில பரிசுகள்தாம் கொடுக்கிறேன். இவ்வளவு ஏற்பாடும் எனக்குத் தேவையா?

பதில்: தேவையில்லை. எந்த விழாவுக்கும் பொருந்தும் ஒற்றை நிறச் சுருள் ஒன்று, இரண்டு நிற ரிப்பன், ஒரு கத்தரிக்கோல், டேப், பென்சில், ஸ்கேல், சில பெயரட்டைகள் ஆகியவை போதும். பிறந்தநாளுக்கும் திருமணத்துக்கும் ரிப்பனை மாற்றினாலே பரிசின் முகம் மாறிவிடும். சுருளைத் தவிர மற்ற அனைத்தும் ஒரு காலணிப் பெட்டியில் அடங்கும். அதிலுள்ள கத்தரிக்கோல் வேறு எந்த வேலைக்கும் வெளியே போகக் கூடாது என்பது மட்டும் விதியாக இருக்கட்டும். அது ஒன்று காணாமல் போனால், மற்ற எல்லாம் இருந்தும் கடைசி நேரத்தில் பல்லால் டேப்பைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள். அதன் அலகில் டேப் பசை ஒட்டினால், பஞ்சில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். எண்ணெய் மிஞ்சினால் தாளில் கறையாகும்.

தாளே வேண்டாம் என்றும் முடிவு செய்யலாம். ஜப்பானியர் ஃபுரோஷிகி எனப்படும் சதுரத் துணியில் பொருளைச் சுற்றி முடிச்சிட்டுக் கொடுப்பார்கள். 70 செ.மீ. சதுரத் துணி இரண்டு இருந்தால் கைக்குட்டையைப்போல் மடித்து இழுப்பறையில் வைத்துவிடலாம், கசங்கினால் துவைக்கலாம். துணியைத் திருப்பித் தரச் சொல்லும் அளவுக்கு நெருங்கியவர்களுக்கு இது சரி. மற்றவர்களுக்குத் துணியும் பரிசின் பகுதிதான் என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கழித்த தாள்களையெல்லாம் பழைய தாளோடு மறுசுழற்சிக்குப் போடலாமா?

பதில்: எல்லாவற்றையும் போட முடியாது. ஒரு துண்டைக் கையில் நன்றாகக் கசக்கி உருட்டிக் கையை விரித்துப் பாருங்கள். உருண்டையாகவே இருந்தால் அது பெரும்பாலும் தாள். மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வந்தால் அதில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, தாளோடு சேர்க்கக் கூடாது. ஜிகினா ஒட்டியதையும் உலோகப் பூச்சுள்ளதையும் கசக்கிப் பார்க்காமலேயே ஒதுக்கிவிடலாம். தாளாகவே இருந்தாலும் டேப், ரிப்பன், பூ ஆகியவற்றை நீக்கிய பிறகே போட வேண்டும். சுருள் தீர்ந்து மிஞ்சும் அட்டைக் குழல்களைத் தாளோடு தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் இரண்டு மூன்று குழல்களை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். குழல் இல்லாமல் விற்கப்படும் அடுத்த சுருளுக்கு உள்ளே செருக வேண்டியிருக்கும்.